பறவைகளைப் பற்றி ஒன்றுமே தெரியாத நான், சேலத்தில் பறவைக் கணக்கெடுப்பில் சேரலாமா?

தாராளமாகச் சேரலாம். காகம், மைனா, மீன்கொத்தி தெரிந்தாலே தொடங்கிவிடலாம். காலையில் மூக்கனேரிக் கரையில் பதினைந்து நிமிடம் நின்று, கண்ணில் படுவது, காதில் விழுவது எல்லாவற்றையும் எண்ணி, பறவைப் பதிவுகளைத் திரட்டும் இ-பேர்ட் செயலியில் ஏற்றுங்கள்.

எல்லாவற்றையும் என்று அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. அரிய பறவையை மட்டும் குறித்தால் அது வந்த செய்திதான் கிடைக்கும். முக்குளிப்பான் போன்ற சாதாரண நீர்ப்பறவை மெல்ல மெல்லக் குறைந்து வந்தால் அது தெரியவே தெரியாது. பலரும் முழுப் பட்டியல் தரும்போது, அதில் ஒரு பறவை இல்லாததும் தகவலாகிவிடுகிறது. 2023-இல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை, சுமார் 30,000 ஆர்வலர்களின் பதிவுகளைக் கொண்டுதான் 942 இனங்களை மதிப்பிட்டது. அவர்களில் பெரும்பாலோர் நம்மைப் போன்றவர்கள்தான்.

பெயர் தெரியாவிட்டால் ஊகித்து எழுதவே எழுதாதீர்கள். 'ஏதோ ஒரு கொக்கு' என்ற அளவில் பதிவு செய்யவும் செயலியில் வழி இருக்கிறது. தவறான பெயரைவிட அது எவ்வளவோ மேல்.

பொங்கல் விடுமுறையில் தமிழகம் முழுக்க 2015 முதல் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. முதல்முறை அதில் கலந்துகொண்டால் அனுபவசாலிகளின் துணை கிடைக்கும்.

ஏற்காட்டுக்காரர் என்றால், பறவைகளுக்குப் பதில் மரங்களின் பருவ மாற்றங்களைப் பொதுமக்கள் பதிவு செய்யும் சீசன்வாட்ச் திட்டம் இன்னும் பொருத்தம். வீட்டருகே ஒரு பலா மரத்தைத் தேர்ந்து, வாரம் ஒருமுறை தளிர், பூ, காய் எவ்வளவு என்று குறிக்க வேண்டும். பருவநிலை மாற்றத்தில் பூக்கும் காலம் தள்ளிப்போகிறதா என்பதை இத்தகைய தொடர் பதிவுகளே காட்டும்.

காப்பித் தோட்டங்களுக்குள் அனுமதி கேட்டுவிட்டுச் செல்லுங்கள். அதிகாலையில் காட்டெருமை நடமாடும், தனியாகப் போக வேண்டாம். கூட்டை நெருங்கிப் படமெடுக்கவும் வேண்டாம்.