மூன்று வாரமாகியும் மகனிடம் மாற்றம் தெரியவில்லையே?

கேள்வி: என் மகனுக்கு 9 வயது, எடை 25 கிலோ. ஏடிஹெச்டி (கவனக்குறைவும் அடங்காத துறுதுறுப்பும்) என்று சொல்லி முதலில் மெதில்பெனிடேட் கொடுத்தார்கள். பசியே போய்விட்டது, இரவு 12 மணி வரை தூக்கமும் வரவில்லை. மூன்று வாரத்துக்கு முன் அட்டமாக்ஸிடின் 10 மில்லிகிராமுக்கு மாற்றினார் டாக்டர். அவனுக்கு விழுங்கத் தெரியாது. காலையில் எழுந்ததும் கேப்ஸ்யூலைப் பிரித்துத் தேனில் குழைத்துக் கொடுக்கிறேன். வயிறு வலிக்கிறது என்கிறான். படிப்பிலும் மாற்றம் இல்லை. நிறுத்திவிடலாமா?

பதில்: இப்போதே நிறுத்த வேண்டாம் அம்மா. ஆனால் கேப்ஸ்யூலைப் பிரிப்பதை இன்றோடு விட்டுவிடுங்கள். உள்ளே இருக்கும் தூள் கண்ணில் பட்டால் கடுமையாக எரியும். பட்டுவிட்டால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். சீரக மிட்டாயை ஒரு மடக்குத் தண்ணீரோடு விழுங்கச் சொல்லி, நீங்கள் பக்கத்தில் இருந்து பழக்குங்கள். பெரும்பாலான பிள்ளைகள் சில நாளில் கற்றுக்கொள்வார்கள். வயிற்று வலி இந்த மருந்தில் அடிக்கடி வருவதுதான். வெறும் வயிற்றில் கொடுக்காமல், இரண்டு இட்லி சாப்பிட்ட பிறகு கொடுத்துப் பாருங்கள்.

பழைய மருந்து ஒரு மணி நேரத்துக்குள் வேலையைக் காட்டியிருக்கும். இது அப்படியல்ல. நரம்புச் செல்கள் வெளியிடும் நார்எபிநெஃப்ரின் என்ற, கவனத்துக்கு உதவும் ரசாயனம் உடனே திரும்ப உறிஞ்சப்படாமல் இது தடுக்கிறது. அதன் பலன் மெதுவாகத்தான் கூடிவரும். லேசான மாற்றம் தெரியவே 2 முதல் 4 வாரம், முழுப் பலனுக்கு 6 முதல் 8 வாரம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். அதுவும் சரியான அளவுக்கு வந்த பிறகு.

உங்கள் விஷயத்தில் எனக்கு முக்கியமாகப் படுவது அந்த அளவுதான். கிலோவுக்கு 0.5 மில்லிகிராமில் தொடங்கி 1.2 வரை ஏற்றுவது வழக்கம். 25 கிலோ பிள்ளைக்கு அது சுமார் 30 மில்லிகிராம். 10 என்பது வெறும் தொடக்கம். நீங்களாகக் கூட்டிவிடாதீர்கள், அளவை ஏற்றலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். வேறு மருந்து ஏதாவது சாப்பிடுகிறானா என்பதையும் சொல்லுங்கள். உதாரணமாக, மனச்சோர்வுக்குத் தரும் ஃப்ளுவாக்ஸெடின் சேர்ந்தால் இந்த மருந்தின் அளவு ரத்தத்தில் எகிறிவிடும்.

சராசரியாகப் பார்த்தால் மெதில்பெனிடேட்டின் பலன் இதைவிடக் கொஞ்சம் கூடுதல்தான். ஆனால் அது ஒத்துக்கொள்ளாத பிள்ளைக்கு இது நல்ல வழி. நாள் முழுக்க ஒரே சீராக இருக்கும், மாலையில் சட்டென்று இறங்காது. பசி இதிலும் குறையலாம். அதனால் எடை, உயரம், நாடித்துடிப்பு, பிபி எல்லாவற்றையும் அவ்வப்போது பார்க்க வேண்டும்.

கண் மஞ்சளானாலோ, சிறுநீர் கறுத்துப் போனாலோ, வழக்கத்துக்கு மாறாக எரிந்து விழுந்தாலோ, ‘செத்துப் போகணும்’ என்கிற மாதிரி பேசினாலோ காத்திருக்காதீர்கள். அன்றே டாக்டரைப் பாருங்கள். பெரும்பாலான பிள்ளைகளுக்கு இவை வராது, ஆனாலும் முதல் சில வாரங்களிலும் அளவு கூட்டும்போதும் கண் அவன்மேல் இருக்கட்டும்.

அடுத்த முறை போகும்போது வகுப்பு ஆசிரியர் சொல்வதை வாரம் இரண்டு வரி எழுதி எடுத்துப் போங்கள். மார்க்கை இப்போது பார்க்காதீர்கள். எழுந்து ஓடாமல் சாப்பிட்டு முடித்தானா, பென்சில் பாக்ஸைத் தொலைக்காமல் வந்தானா என்பதில்தான் மாற்றம் முதலில் தெரியும்.