பிள்ளைகள் பின்தங்கவில்லை, அட்டவணைதான் வேறு

ஏற்காட்டில் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு டிஜிஎம்டி-2 சோதனை (ஓடுவது, தாவுவது, பந்தைக் கையாள்வது போன்ற உடல் திறன்களை அளப்பது) வைத்ததில் பாதிப்பேர் பின்தங்கியதாக எழுதியிருக்கிறீர்கள் டீச்சர். பதறாதீர்கள். மதிப்பெண்ணை ஒப்பிட்டுப் பார்க்கும் அதன் அட்டவணை 1,208 அமெரிக்கக் குழந்தைகளை வைத்துப் போட்டது. தாங்கியில் அசையாமல் இருக்கும் பந்தை பேஸ்பால் மட்டையால் அடி என்றால், தெருக் கிரிக்கெட்டில் வரும் பந்துக்கே பழகிய பிள்ளை என்ன செய்யும்?

நொண்டியடிப்பதை உற்றுப் பாருங்கள். தூக்கிய கால் ஊசல்போல் முன்னே வீசுவதற்கும் அதில் ஒரு மதிப்பெண் உண்டு. பாண்டி ஆடுகிற நம் பிள்ளைகளோ அந்தக் காலைப் பின்னால் மடித்து அப்படியே வைத்துக்கொள்கிறார்கள். கோட்டை மிதித்துவிடக் கூடாதே!

அமெரிக்க அட்டவணையை விட்டுவிட்டு, சேலம் நகரப் பள்ளி ஒன்றின் மூல மதிப்பெண்களோடு (அட்டவணைப்படி மாற்றாத மதிப்பெண்கள்) ஒப்பிடுங்கள். உடல் ஒருங்கிணைப்பை அளக்கும் ஜெர்மனியின் கேடிகே சோதனையையும் வையுங்கள். அதில் பந்தே கிடையாது, ஒரு பகுதியில் 6, 4.5, 3 செ.மீ. அகலக் கட்டைகளில் பின்னோக்கி நடக்க வேண்டும். காப்பித் தோட்டச் சரிவில் ஏறி இறங்கும் கால்களுக்கு அது எப்படி வருகிறது என்று எழுதுங்கள்.