போலிப் பக்கத்தைத் தூக்கப் பணம் கேட்கிறார், கொடுக்கலாமா?

கேள்வி: நான் துணிப்பைகள் தைத்து விற்கிறேன். என் ஃபேஸ்புக் பக்கத்தின் பெயரையும் படங்களையும் திருடி, யாரோ பாதி விலைக்கு விளம்பரம் போடுகிறார்கள். பணம் கட்டி ஏமாந்தவர்கள் என்னைத் திட்டுகிறார்கள். மூன்று முறை புகார் செய்தும் 'விதிமீறல் இல்லை' என்றே பதில். ஒருவர், பணம் கொடுத்தால் இரண்டே நாளில் தூக்கிவிடுவதாகச் சொல்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். "உள்ளே ஆள் இருக்கிறது" என்பவர்களுக்கு உள்ளே யாரும் இல்லை. முன்பணத்தோடு காணாமல் போவதுகூடப் பரவாயில்லை. "உங்கள் சார்பில் நானே புகார் போடுகிறேன், ஓடிபி வந்தால் சொல்லுங்கள்" என்பார்கள் பாருங்கள், அதுதான் ஆபத்து. சொன்னால் உங்கள் சொந்தப் பக்கமும் கைவிட்டுப் போகும். நூறு பேரை வைத்துப் புகார் அடிக்கிறேன் என்பதும் வெட்டி வேலை. எத்தனை புகார் வந்தது என்பதை வைத்து நீக்குவதில்லை என்று ஃபேஸ்புக்கே சொல்கிறது.

முதலில் ஆதாரம். ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டா, தன்னிடம் ஓடும் விளம்பரங்களை யாரும் பார்க்கும்படி வைத்திருக்கும் 'ஆட் லைப்ரரி' தளத்தில் உங்கள் கடைப் பெயரைத் தேடுங்கள். உங்கள் கண்ணில் படாத விளம்பரங்களும் அங்கே இருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு லைப்ரரி ஐடி எண் உண்டு. அந்த எண் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். இன்றே எடுங்கள். விளம்பரம் நின்றால் பெரும்பாலும் அங்கிருந்தும் மறைந்துவிடும். போலிப் பக்கத்தின் 'பேஜ் டிரான்ஸ்பரன்சி' பகுதியில் அது தொடங்கிய தேதியும் பழைய பெயர்களும் இருக்கும். நான் பார்த்த ஒரு போலிச் செருப்புக் கடை, அதற்கு முன் ஏதோ ரசிகர் பக்கமாக இருந்தது. லைக்குகளோடு விலைக்கு வாங்கிப் பெயரை மட்டும் மாற்றியிருந்தார்கள்.

அடுத்து, 'போலிக் கணக்கு' என்று நான்காவது முறை புகார் செய்ய வேண்டாம். பதிப்புரிமை மீறல் என்று, அதற்கான தனிப் படிவத்தில் கொடுங்கள். அமெரிக்காவின் 1998-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பதிப்புரிமைப் புகார் வந்தும் நீக்காமல் இருந்தால் அந்த நிறுவனமே வழக்கில் மாட்டக்கூடும். அதனால் இதற்கு மட்டும் சுறுசுறுப்பு வந்துவிடும். உங்கள் பெயரும் மின்னஞ்சலும் எதிராளிக்குப் போகக்கூடும். சொந்த மின்னஞ்சல் வேண்டாம், கடையின் மின்னஞ்சலைக் கொடுங்கள்.

ஒரு சிக்கல் இருக்கிறது. படம் யார் எடுத்தது? பை உங்களுடையது, கடை உங்களுடையது, கூலியும் கொடுத்துவிட்டீர்கள். அப்படியென்றால் புகைப்படக்காரர் எடுத்த படமானாலும், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, இந்தியச் சட்டப்படி உரிமை பெரும்பாலும் எடுக்கச் சொன்ன உங்களுக்கே. உரிமை அவருக்கே என்று ஒப்பந்தம் இருந்தால் அவரே புகார் செய்யட்டும், அல்லது உரிமையை எழுதி வாங்குங்கள். உரிமையில் சந்தேகம் இருந்தால், நீங்களே கைபேசியில் எடுத்த படங்கள் நாலைந்தாவது இருக்குமே, அவற்றை மட்டும் வைத்துக் கொடுங்கள். அடுத்தவர் படத்தைச் சேர்த்தால் பொய்ப் புகார் என்று உங்கள் மீதே திரும்பும்.

விளம்பரக் காசு வாங்க ஒரு நொடி, அது திருட்டு என்று ஒப்புக்கொள்ள மூன்று புகார்! திருடனும் ஃபேஸ்புக்குக்கு வாடிக்கையாளர்தானே.

ஏமாந்தவர்களிடம் நீங்கள் பணம் திருப்பித் தருவதாக வாய்தவறியும் சொல்லாதீர்கள். அட்டையில் கட்டியிருந்தால் உடனே வங்கியில் டிஸ்பியூட் (பணத்தைத் திரும்பக் கேட்கும் முறையீடு) போடச் சொல்லுங்கள். அதற்குக் கெடு உண்டு.