ஹெக்ஸ் கடன்: பிடித்தம் போகிறது, பாக்கி ஏன் கூடுகிறது?

கேள்வி: என் மகள் சிட்னியில் படிப்பை முடித்து வேலைக்குப் போகிறாள். ஆண்டுச் சம்பளம் 80,000 டாலர்; படிப்புக்காக அரசு தந்த ஹெக்ஸ் கடன் 30,000 டாலர். மாதாமாதம் பிடித்தம் போயும், ஜூனில் பார்த்தால் பாக்கி கூடியிருக்கிறது. வட்டியில்லாக் கடன் என்றுதானே சொன்னார்கள்? என் வீட்டுக் கடனுக்கு வட்டி 6 சதவீதம். அதன் ஆஃப்செட் கணக்கில் (வீட்டுக் கடனோடு இணைந்த கணக்கு; அதில் இருக்கும் தொகை அளவுக்குக் கடனுக்கு வட்டி போடமாட்டார்கள்) இருக்கும் பணத்தை எடுத்து ஒரேயடியாக அடைத்துவிடவா?
- ஒரு வாசகர், வெஸ்ட்மீட்

பதில்: அவசரப்படாதீர்கள்.

வட்டி இல்லை என்பது உண்மைதான். ஆனால் ஆண்டுதோறும் ஜூன் 1 அன்று விலைவாசிக்கு ஏற்ப ஆஸ்திரேலிய அரசு கடனைக் கூட்டிவிடும். 2021இல் இது வெறும் 0.6 சதவீதம். 2023இல் 7.1 ஆனதும்தான் கூச்சல் கிளம்பியது. உங்கள் மகளின் கணக்கையே பாருங்கள். 2025-26 நிதியாண்டு விதிப்படி, சம்பளத்தில் 67,000 டாலரைத் தாண்டும் தொகைக்கு மட்டும் டாலருக்கு 15 சென்ட் போகும். அவருக்கு அது 1,950 டாலர். 30,000க்கு 7.1 சதவீதம் போட்டால் 2,130! ஆண்டு முழுக்கக் கட்டியும் கடன் வளர்ந்திருக்கும்.

அப்புறம் அரசு இறங்கி வந்தது. 2024 இறுதியில் வந்த சட்டப்படி, விலைவாசி உயர்வு, ஊதிய உயர்வு இரண்டில் எது குறைவோ அதைத்தான் போட வேண்டும். பழைய ஆண்டுகளுக்கும் இதைத் திருத்திக் கொடுத்தார்கள்: 2023இன் 7.1 சதவீதம் 3.2 ஆயிற்று, 2024இன் 4.7 சதவீதம் 4 ஆயிற்று. 2025இலும் 3.2தான்.

இனி பிடித்தம். மாதாமாதம் பிடிக்கும் பணம் உடனே கடனில் கழிவதில்லை. நிதியாண்டு முடியும் ஜூன் 30க்குப் பிறகு வரிக் கணக்குத் தாக்கல் செய்து, அது முடிந்த பின்தான் கழிப்பார்கள். அதற்குள் ஜூன் 1 வந்து போய்விடும். பதினொரு மாதமாகப் பிடித்த பணம் வரி அலுவலகத்தின் கையில் இருக்கும்போதே, அதைக் கழிக்காத பாக்கிக்கு உயர்வு விழுகிறது. இதை நியாயம் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

சரி, ஆஃப்செட் பணத்துக்கு வருவோம். 3.2 சதவீதத்தில் 30,000 டாலர் கடன் ஆண்டுக்கு 960 டாலர் கூடும். அதே 30,000 ஆஃப்செட்டில் இருந்தால் உங்களுக்கு 1,800 டாலர் வட்டி மிச்சம். எதற்கு எடுக்க வேண்டும்? தவிர, கடனை அடைக்க நாமாகக் கட்டிய பணத்தைத் திரும்பக் கேட்கவும் முடியாது. 2025இல் 20 சதவீதம் தள்ளுபடி வந்ததே, அது ஜூன் 1 அன்று இருந்த பாக்கிக்கு மட்டும்தான். அதற்கு முன்பே பொறுப்பாக அடைத்தவர்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

மகள் சீக்கிரம் வீடு வாங்கப் போகிறார் என்றால் கதை வேறு. இந்தப் பிடித்தத்தையும் பார்த்துத்தான் வங்கி எவ்வளவு கடன் தரலாம் என்று முடிவு செய்யும். பாக்கி சொற்பமாக இருந்தால் அப்போது அடைத்துவிடலாம். அதையும் மே மாத நடுவிலேயே கட்டச் சொல்லுங்கள். பணம் போய்ச் சேரச் சில நாள் பிடிக்கும். 31ஆம் தேதி கட்டினால் ஜூன் 1 முந்திக்கொள்ளலாம்.