ஆபரேஷன் ஓய்வுக்கு அப்புறமா?

கேள்வி: ஓசூரில் ஒரு தனியார் தொழிற்சாலையில் சூபர்வைசராக இருக்கிறேன். வயது 58. இன்னும் எட்டு மாதத்தில், மார்ச் 31-ல் ஓய்வு. பி.எஃப்., கிராஜுவிட்டி சேர்த்து 38 லட்சம் வரும். பெங்களூருவில் இருக்கும் மகன் ஃப்ளாட் வாங்க 15 லட்சம் கேட்கிறான். கம்பெனி இன்ஷூரன்ஸ் எங்கள் இருவருக்கும் இருப்பதால் தனியாக எதுவும் எடுக்கவில்லை. மனைவிக்கு முட்டித் தேய்மானம். டாக்டர் ஆபரேஷன் சொல்லி ஒரு வருடமாகிறது. நான் ஓய்வு பெற்றதும் கூட இருந்து கவனித்துக்கொள்ளலாம் என்று தள்ளிப் போட்டிருக்கிறோம். பணத்தை எங்கே போட்டால் வட்டி அதிகம்?

பதில்: வட்டியை அப்புறம் பார்ப்போம். 'தள்ளிப் போட்டிருக்கிறோம்' என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த 'றோம்'-இல் உங்கள் மனைவி இருக்கிறாரா? ஒரு வருடமாக மாடிப்படி ஏற முடியாமல் நிற்பவர் அவர். அதை வட்டிக் கேள்விக்கு முன்னால் போகிற போக்கில் எழுதிவிட்டுப் போகிறீர்கள்.

மார்ச் 31-ஆம் தேதி மாலை போட்டு, சால்வை போர்த்தி அனுப்புவார்கள். பெரும்பாலும் அன்றோடு கம்பெனி இன்ஷூரன்ஸும் போய்விடும். கம்பெனி பாலிசிகள் பலவற்றில் பழைய நோய்க்கும் முதல் நாளிலிருந்தே பணம் உண்டு. ஏப்ரலில் நீங்களாகப் புதுப் பாலிசி எடுத்தால், ஏற்கெனவே இருக்கும் நோய்க்கு 3 வருடம் வரை காத்திருக்கச் சொல்லலாம். 2024 வரை அது 4 வருடமாக இருந்தது, அந்த மட்டில் லாபம். ஆக, கூட இருந்து கவனிக்கிறேன் என்று நீங்கள் ஒதுக்கி வைத்திருக்கும் நேரத்தில் இன்ஷூரன்ஸ் இருக்காது. ஆபரேஷன் செலவு முழுக்க அந்த 38 லட்சத்தில் இருந்துதான். அதிலும் 15 லட்சம் பெங்களூரு போயிருக்கும்.

அதனால் ஆபரேஷனை ஓய்வுக்கு முன்னாலேயே முடித்துவிடுங்கள். நாளைக்கே எச்.ஆரிடம் போங்கள். பாலிசியில் எத்தனை லட்சம், முட்டி மாற்றுக்கு உச்சவரம்பு உண்டா, அறை வாடகைக்கு வரம்பு உண்டா என்று கேளுங்கள். வரம்பை மீறிய அறையில் படுத்தால் வாடகை மட்டுமல்ல, மற்ற கட்டணங்களிலும் வெட்டு விழும். கையோடு இன்னொன்றும் கேளுங்கள்: இதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாற வழி என்ன? அப்படி மாறினால், கம்பெனி பாலிசியில் இருந்த வருடங்கள் காத்திருப்புக் காலத்தில் கழியும். வேலையில் இருக்கும்போதே விண்ணப்பித்துவிடுங்கள். படிவத்தில் முட்டி, பிரஷர், சர்க்கரை எல்லாவற்றையும் எழுதுங்கள். 'எழுதினா பிரீமியம் ஏறும் சார்' என்று ஏஜென்ட் சொன்னால் அவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். நாளை கிளெய்ம் நிராகரிக்கப்படும்போது அவர் வரமாட்டார்.

70 வயதானால் வருமானம் பார்க்காமல் 5 லட்சம் வரை மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டுத் திட்டத்தில் சிகிச்சை என்று 2024 அக்டோபரில் தொடங்கினார்கள். உங்களுக்கு அதற்கு இன்னும் 12 வருடம் இருக்கிறது.

மகனுக்கு 15 லட்சம்? கூடாது. எனக்கு இதில் இரண்டாவது எண்ணமே இல்லை. வீட்டுக்கு வங்கி கடன் கொடுக்கும். உங்கள் முதுமைக்கு எந்த வங்கியும் கொடுக்காது. இன்று கொடுத்துவிட்டு நாளை ஆஸ்பத்திரி பில்லோடு அவனிடமே, மருமகள் முன்னால், நிற்கும் பெற்றோரின் கடிதங்கள் என் மேசையில் நிறைய இருக்கின்றன.

பணத்துக்கு: தபால் நிலைய மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 30 லட்சம் வரை போடலாம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டி வரும். 60 ஆகாவிட்டாலும் ஓய்வு பெற்றவர் சேரலாம்; ஆனால் பணம் கைக்கு வந்த மூன்று மாதத்துக்குள் போட வேண்டும். மருத்துவத்துக்கென்று 5 லட்சத்தையாவது உடனே எடுக்கும்படி தனியாக வையுங்கள். பிரீமியம் வருடா வருடம் ஏறும், அதையும் மாதச் செலவில் எழுதுங்கள்.

லீவு கிடைக்காது என்பீர்கள். ஓசூருக்கும் பெங்களூருவுக்கும் 40 கிலோமீட்டர்தான். இன்று ராத்திரி மகனுக்குப் போன் போட்டு, ஃப்ளாட் பேச்சை எடுப்பதற்கு முன்னால், அம்மாவின் ஆபரேஷனுக்கு எந்த வாரம் லீவு போடுகிறான் என்று கேளுங்கள்.