ஐ.டி.ஐ. முடித்த பிள்ளைகளுக்கு ஊரில் விழா எடுப்பது எப்படி?

கேள்வி: தொண்டிப் பக்கம் ஒரு கடற்கரைக் கிராமத்தில் இளைஞர் மன்றம் நடத்துகிறோம். பத்தாம் வகுப்பிலும் பிளஸ் டூவிலும் நல்ல மார்க் எடுத்தவர்களுக்கு வருடா வருடம் பரிசு கொடுப்பது வழக்கம். இந்த வருடம் ஊரில் 11 பேர் ஐ.டி.ஐ. முடிக்கிறார்கள். அதில் மூன்று பேர் பெண்பிள்ளைகள். அவர்களுக்கும் பாராட்டு விழா எடுப்போம் என்று சொன்னேன். “மார்க் வராமத்தானே அங்க போனாங்க, அதுக்கு எதுக்கு விழா?” என்று மன்றத்திலேயே கேட்கிறார்கள். விழா எடுக்கலாமா? எடுத்தால் எப்போது, யாரை அழைப்பது, என்ன பரிசு கொடுப்பது? கையில் இருபதாயிரம் ரூபாய் இருக்கிறது.

பதில்: கட்டாயம் எடுங்கள். ஆனால் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு எடுக்கும் விழாவையே பெயர் மாற்றி இவர்களுக்கு எடுக்காதீர்கள். மார்க் எடுத்தவரைப் பாராட்ட மார்க் ஷீட் போதும். தொழில் கற்றவரைப் பாராட்ட அவர் செய்த வேலை ஊர் கண்ணில் பட வேண்டும். மன்றத்தில் கேட்ட கேள்விக்கும் அதுதான் பதில். வாதாடி அவர்கள் மனத்தை மாற்ற முடியாது. அந்தப் பிள்ளைகள் வேலை செய்வதை அவர்கள் ஒருமுறை நின்று பார்க்கட்டும்.

நாட்டில் ஐ.டி.ஐ. பயிற்சித் திட்டம் தொடங்கியது 1950-ல். ஐ.டி.ஐ. மாணவர்களுக்கென்று தேசிய அளவில் முதல் பட்டமளிப்பு விழா நடந்தது 2022 செப்டம்பர் 17 அன்று. 72 வருடம்! பாலங்களிலும் ரயில் பெட்டிகளிலும் மின்கம்பங்களிலும் கைவைத்த எத்தனையோ தலைமுறைகள் ஒரு மேடைகூட ஏறாமல் வேலைக்குப் போய்விட்டன. இப்போது தேசியத் தொழிற்சான்றிதழ் இணையத்தில் வருகிறது. கியூஆர் குறியீட்டோடு இருப்பதால் போலிக்கு இடம் குறைவு, அந்த வகையில் நல்ல ஏற்பாடு. ஆனால் பிரவுசிங் சென்டரில் பிரிண்ட் எடுத்து, லேமினேஷன் போட்டு, பீரோவில் வைப்பதோடு எல்லாம் முடிந்துவிடுகிறது. யாரும் எழுந்து நின்று அதைக் கையில் கொடுப்பதில்லை. அந்தக் குறையை உங்கள் மன்றம் தீர்க்கலாம்.

நாள் குறிப்பதில் கொஞ்சம் யோசனை வேண்டும். விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். அப்பாக்கள் கரையில் இருப்பார்கள், அப்போதே வைத்துவிடலாமே என்று தோன்றும். வேண்டாம். அந்த 61 நாளும் வீட்டில் கைச்செலவுக்கே இழுபறி. பிள்ளைகளுக்கும் இறுதித் தேர்வு முடிந்திருக்காது. அக்டோபர் பிறந்துவிட்டால் வடகிழக்குப் பருவமழை. நம் மாவட்டத்துக்கு மழை என்று வருவதே பெரும்பாலும் அப்போதுதான், வெளியில் நிகழ்ச்சி வைக்க முடியாது. ஆகவே ரிசல்ட் வந்த பிறகு, செப்டம்பரில் வையுங்கள். பாக் நீரிணைப் பக்கம் விசைப்படகும் நாட்டுப்படகும் நாள் பிரித்துக்கொண்டு கடலுக்குப் போவதால், இரண்டு தரப்பும் கரையில் இருக்கும் நேரத்தைச் சங்கத்தில் கேட்டுக் குறியுங்கள். வெள்ளிக்கிழமை ஜும்மா, ஞாயிறு காலைப் பூசை இரண்டையும் தவிர்த்து ஒரு மாலைப் பொழுதாக இருந்தால் ஊர் முழுக்க வரும்.

கல்யாண மண்டபத்துக்கு வாடகை கொடுக்க வேண்டாம். வலைபின்னும் கூடம் இருந்தால் அதுவே சரியான இடம். கூரை உண்டு, தரை காய்ந்திருக்கும், நாலு பக்கமும் நின்று பார்க்கலாம். மீன் ஏலக்கூடத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள். தரை எப்போதும் உப்புத்தண்ணீரில் நனைந்திருக்கும் இடத்தில் மின்கருவிகளை இயக்குவது ஆபத்து. எந்த இடமானாலும் தற்காலிக மின் இணைப்பில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு ஏற்பட்டால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் கருவி) கண்டிப்பாக இருக்க வேண்டும். அதைப் பொருத்தும் பொறுப்பை எலக்ட்ரீஷியன் முடித்த பிள்ளையிடமே, அவருடைய பயிற்றுநர் மேற்பார்வையில், கொடுத்துவிடுங்கள். விழாவின் முதல் வேலைக் கண்காட்சி அதுதான்.

இனி முக்கியமான பகுதிக்கு வருகிறேன். மேடைப் பேச்சை அரை மணி நேரத்தில் முடித்துக்கொண்டு, ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் செய்முறைக்கு ஒதுக்குங்கள். ஊருக்குப் புரியும் வேலையாகத் தேர்ந்தெடுப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. டீசல் மெக்கானிக் முடித்தவர் பாடப் புத்தகத்தை ஒப்பிக்க வேண்டியதில்லை. நடுக்கடலில் டீசல் லைனில் காற்றுப் புகுந்து எஞ்சின் நின்றுபோனால் என்ன செய்வது என்று காட்டட்டும்: எந்த ஸ்குரூவைத் தளர்த்துவது, கை பம்பை எதுவரை அடிப்பது, குமிழி நின்றது எப்படித் தெரியும். கூட்டத்தில் இருக்கும் ஒவ்வொரு மீனவருக்கும் அந்த நிலைமை தெரியும். ஒரு ராத்திரி முழுக்க அலையில் மிதந்தவர்களும் அங்கே இருப்பார்கள். ‘ஐ.டி.ஐ.யில் இதையா சொல்லிக்கொடுக்கிறார்கள்?’ என்று அவர்கள் வாயாலேயே வரும்.

எலக்ட்ரீஷியன் என்றால், உப்புத்தண்ணீர் பட்ட ஒரு மோட்டாரை மெகர் (மின்காப்பு எவ்வளவு என்று அளக்கும் கருவி) வைத்துச் சோதித்துக் காட்டலாம். காய வைப்பதற்கு முன் ஓர் அளவு, பின்பு ஓர் அளவு. காற்றிலேயே உப்பு இருக்கும் நம் ஊரில் ஸ்விட்ச் போர்டு ஏன் சீக்கிரம் கெட்டுப்போகிறது, எர்த் ஏன் அடிக்கடி பார்க்க வேண்டும் என்று இரண்டு வார்த்தையும் சொல்லட்டும். ஏ.சி., குளிர்பதன டிரேடு (தொழிற்பிரிவு) முடித்தவர் குழாயில் நைட்ரஜன் அழுத்தம் ஏற்றி, சோப்பு நுரை தடவிக் கசிவைக் கண்டுபிடிக்கலாம். ஐஸ் கம்பெனி முதலாளி ஒருவர் அதைப் பார்த்தால் மறுநாளே வேலைக்குக் கூப்பிடக்கூடும். பிட்டர் (இரும்பை ராவிப் பொருத்தும் தொழில் கற்றவர்) செய்த ஜாப்பைப் பெரியவர்கள் கையில் கொடுங்கள். இரண்டு இரும்புத் துண்டு, ஒன்றுக்குள் ஒன்று உட்காரும். பொருந்திய கோட்டை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். வெர்னியர் காலிப்பரில் 0.02 மில்லிமீட்டர் வரை அளக்க முடியும் என்பதை அப்போதே காட்டிவிடலாம். அரத்தை மட்டும் வைத்துக்கொண்டு அந்த நேர்த்தி வர எத்தனை வாரம் உட்கார்ந்து ராவ வேண்டும் என்பதைப் பயிற்றுநர் சொல்ல வேண்டும், பிள்ளை தானாகச் சொல்லமாட்டார். கம்ப்யூட்டர் டிரேடு முடித்தவர் அன்றைய ஏலக் கணக்கைத் திரையில் போட்டு, யாருக்கு எவ்வளவு பாக்கி என்று எடுத்துக் காட்டட்டும்.

வெல்டிங்கில் ஒரு எச்சரிக்கை. கடற்காற்று அடிக்கும் இடத்தில் மிக், டிக் வெல்டிங் வேண்டாம். வெல்டைக் காக்கும் வாயுவைக் காற்று அடித்துக்கொண்டு போய்விடும், துளை துளையாக விழும். காற்றின் குற்றம் அந்தப் பிள்ளை தலையில் விடியும். சாதாரண ராடு வெல்டிங் போதும், காற்று வரும் பக்கம் ஒரு தகரத் தடுப்பு வையுங்கள். லோ ஹைட்ரஜன் ராடு பயன்படுத்துவதானால் ஓவனில் சூடாக்கி எடுத்து வர வேண்டும். நம் கடற்கரை ஈரத்தை அந்த ராடு சட்டென்று இழுத்துக்கொள்ளும். வெல்டு செய்த பட்டை ஆறியதும் வைஸில் பிடித்து, எல்லார் முன்னிலும் வளைக்கச் சொல்லுங்கள். விரிசல் விழாமல் அது வளையும்போது எழும் கைதட்டல் உண்மையானதாக இருக்கும். குழந்தைகள் ஆர்க் வெளிச்சத்தைப் பார்க்கக் கூடாது. ராத்திரி கண் எரிந்து நீர் வடியும். வெல்டிங் திரை கட்டி, பக்கத்தில் தீயணைப்பானும் ஒரு வாளி மணலும் வைத்து, வலைக் குவியலை அந்தப் பக்கமே இல்லாமல் அப்புறப்படுத்திவிடுங்கள்.

வெல்டர் நிற்கும் இடத்தில் பாம்பன் பற்றிப் பேசலாம். 1914-ல் திறந்த பழைய ரயில் பாலத்துக்குப் பதிலாகப் புதிய பாலம் 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்டது. அதன் 72.5 மீட்டர் நீளத் தூக்குப் பகுதி செங்குத்தாக மேலே எழும்பும். துருப்பிடிக்கச் சாதகமான இந்தக் கடலில் நிலைப்பதற்காக அதன் இணைப்புகளை முழுக்க வெல்டிங்கிலேயே செய்தார்கள். நம் மாவட்டத்துப் பாலம் அது. அதைக் கட்டியவர்கள் வரிசையில் தாங்களும் நிற்க முடியும் என்று அவர்களுக்குத் தெரியட்டும். கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் இருப்பதையும் எலக்ட்ரீஷியனிடம் சொல்லுங்கள். 2024-ல் லியோனில் நடந்த உலகத் திறன் போட்டியில் இந்தியா நான்கு வெண்கலப் பதக்கம் வாங்கியது. அதில் ஒன்று புதுப்பிக்கத்தக்க ஆற்றல் பிரிவில். அந்தப் போட்டியில் பெரும்பாலான பிரிவுகளுக்கு வயது வரம்பு 22. உங்கள் ஊர்ப் பிள்ளைக்கு 18, 19 வயது என்றால் இன்னும் காலம் இருக்கிறது.

யாரைப் பாராட்டுவது என்பதில் தயவுசெய்து முதல் மூன்று இடம் என்று பிரிக்காதீர்கள். 11 பேரும் மேடையேறட்டும். எழுத்துத் தேர்வு கம்ப்யூட்டரில் நடக்கிறது. அதில் ஒரு பாடம் போய்விட்ட பிள்ளைக்கும் கை வேலை பிரமாதமாக இருக்கலாம். அவரையும் செய்முறையில் நிற்க வையுங்கள். ஒவ்வொருவரைப் பற்றியும் இரண்டு வரி எழுதி வாசிக்க வேண்டும். ‘சிறந்த மாணவர், ஒழுக்கமானவர்’ என்று எழுதினால் எல்லோருக்கும் ஒரே வரிதான் வரும். அவரால் என்ன செய்ய முடியும் என்று எழுதுங்கள். ‘இவர் டீசல் மெக்கானிக். எஞ்சினைப் பிரித்து, வால்வு இடைவெளி சரிபார்த்து, மறுபடி கோத்துத் தனியாக ஓடவிடுவார். திருச்சியில் அப்ரென்டிஸ் பயிற்சிக்கு விண்ணப்பித்திருக்கிறார்.’ இவ்வளவு போதும். இதைக் கேட்டுவிட்டுப் படகு முதலாளிகள் அவரிடம் பேச்சுக் கொடுப்பார்கள். ‘கஷ்டப்பட்ட குடும்பம்’ என்று யார் வீட்டு நிலைமையையும் மைக்கில் சொல்லாதீர்கள்.

மூன்று பெண்பிள்ளைகளின் அம்மாக்களை முன்வரிசையில் உட்கார வையுங்கள். ஃப்ளெக்ஸிலோ வாட்ஸ்அப்பிலோ அந்தப் பிள்ளைகளின் படம் போடுவதற்கு முன் அவர்களையே கேளுங்கள், வீட்டாரை மட்டும் கேட்டால் போதாது. அரசுப் பள்ளியில் ஆறு முதல் பிளஸ் டூ வரை படித்த மாணவிகளுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது, ஐ.டி.ஐ.யில் படித்தாலும் உண்டு. அடுத்து சேரப்போகும் தங்கைகளுக்கு அதை அன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

பரிசாகச் சால்வையும் ஷீல்டும் வேண்டாம். ஷீல்டு அலமாரியில் இருக்கும், கருவி கையில் இருக்கும். எலக்ட்ரீஷியனுக்கு மல்டிமீட்டர், வெல்டருக்கு நல்ல ஹெல்மெட்டும் தோல் கையுறையும், மெக்கானிக்குக்கு ரிங் ஸ்பேனர் செட், பிட்டருக்கு வெர்னியர். ஆளுக்கு ஆயிரம் முதல் ஆயிரத்தைந்நூறு ரூபாய்க்குள் வாங்கலாம். வெளிநாடு போகும் எண்ணம் இருப்பவருக்குப் பாஸ்போர்ட் கட்டணமான 1,500 ரூபாயைக் கட்டிக் கொடுத்தாலும் நல்லதே. கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டி என்று இந்தக் கரை முழுக்க வளைகுடாவுக்குப் போகும் ஊர்கள். ஆனால் பதிவு பெற்ற ஏஜென்ட் மூலமாக மட்டுமே போக வேண்டும் என்பதை யாராவது அனுபவப்பட்டவர் அந்த மேடையிலேயே சொல்லட்டும்.

ஒரு மேஜை போட்டு, அடுத்த படிகளைச் சொல்ல ஒரு பயிற்றுநரை உட்கார வையுங்கள். அப்ரென்டிஸ் பதிவை அங்கேயே போனில் செய்துவிடலாம். திருச்சி பெல் (பி.எச்.இ.எல்.) தொழிற்சாலை, பொன்மலை ரயில்வே பணிமனை, அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் எல்லாம் ஐ.டி.ஐ. முடித்தவர்களை உதவித்தொகையோடு எடுக்கின்றன. பத்தாம் வகுப்புக்குப் பிறகு இரண்டு வருட டிரேடு முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டு சேரலாம். பிளஸ் டூவின் தமிழ், ஆங்கிலத் தாள்களை மட்டும் எழுதித் தேறினால் தமிழ்நாட்டில் பிளஸ் டூவுக்கு இணையாகவும் எடுத்துக்கொள்கிறார்கள். மார்க் பற்றிக் கேட்ட மன்றத்து நண்பர்களுக்கும் இதைச் சொல்லுங்கள்.

அழைப்பு விஷயம். எம்.எல்.ஏ.யையோ அதிகாரியையோ அழைப்பதில் தவறில்லை. ஆனால் அவர் வரும் வரை பிள்ளைகள் காத்திருக்கும்படி நிகழ்ச்சியை அமைக்காதீர்கள். கட்டாயம் வர வேண்டியவர்கள் வேறு: படகு கட்டும் பட்டறைக்காரர், ஐஸ் கம்பெனி முதலாளி, ஒர்க்ஷாப் உரிமையாளர், மின் ஒப்பந்தக்காரர், ஐ.டி.ஐ. பயிற்றுநர். அப்புறம், சான்றிதழே இல்லாமல் முப்பது நாற்பது வருடமாக ஊர் எஞ்சின்களைப் பார்க்கும் மூத்த மெக்கானிக்குகள். பரிசை இவர்கள் கையால் கொடுக்கச் சொல்லுங்கள். முன்பே கற்ற தொழிலைச் சோதித்துச் சான்றிதழ் தரும் ஏற்பாடு பிரதமரின் திறன் மேம்பாட்டுத் திட்டத்தில் இருக்கிறது. மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகத்தில் கேட்டு அவர்களுக்கும் வழி செய்ய முடிந்தால் அடுத்த வருட மேடையில் அவர்களும் பெறுபவர்களாக நிற்பார்கள்.

உங்கள் இருபதாயிரத்தில் கருவிகளுக்குப் பதினைந்தாயிரம் ஒதுக்குங்கள். இரும்பு, ராடு, மின் இணைப்புக்கு இரண்டாயிரம், டீக்கும் வடைக்கும் இரண்டாயிரம். மீதமிருக்கும் ஆயிரத்தில், பாடம் போன பிள்ளை யாராவது இருந்தால் மறு தேர்வுக் கட்டணத்தைக் கட்டிவிடுங்கள்.