ஜப்பானுக்கு எத்தனை சார்ஜர் தூக்கிட்டுப் போறது?

கேள்வி: அண்ணே, லீவுல நாங்க மூணு பேரும் பத்து நாள் ஜப்பான் போறோம், சென்னைலேர்ந்து சிங்கப்பூர் வழியா. போன் ரெண்டு, ஆபீஸ் லேப்டாப், பையனோட டேப், கேமரா, வாட்ச், எல்லாத்துக்கும் தனித்தனி சார்ஜர், போதாததுக்கு அயர்ன் பாக்ஸ், கெட்டில் வேற. வீட்டுக்காரர் 3500 ரூபாய்க்கு ஒரு யுனிவர்சல் அடாப்டர் பாத்து வச்சிருக்கார். வாங்கலாமா?

பதில்: வேண்டாம்மா. ஜப்பான்ல ரெண்டு தட்டைப் பின் பிளக்தான், எலக்ட்ரிக்கல் கடைல அமெரிக்கன் பின்னுன்னு கேட்டா சின்னதா ஒண்ணு தருவாங்க, நூறு இருநூறு ரூபாய்க்குள்ள முடிஞ்சுரும். ஆனா ரெண்டு பின் உள்ளதா பாத்து வாங்குங்க, எர்த் பின்னும் சேத்து மூணு பின் இருக்கறத வாங்கிட்டீங்கன்னா அங்க நிறைய ரூம்ல சாக்கெட்டுக்குள்ள போகாது.

அடாப்டர் பின்னை மட்டும்தான் மாத்தும், வோல்டேஜை மாத்தாது. அங்க 100 வோல்ட், நமக்கு 230. போன், லேப்டாப் சார்ஜர்ல பொடி எழுத்துல இன்புட் 100-240 வோல்ட்னு போட்டிருக்கும், போட்டிருந்தா கவலையே இல்ல. அயர்ன் பாக்ஸ், கெட்டில் ரெண்டும் 230க்கு மட்டும் செஞ்சது, அங்க போட்டா அஞ்சுல ஒரு பங்கு சூடுகூட வராது. நானும் ஒரு தடவ கெட்டில தூக்கிட்டுப் போயி அரை மணி நேரம் பக்கத்துலயே உக்காந்திருந்தேன், தண்ணி கொதிக்கவே இல்ல, வீட்டம்மா இன்னும் சொல்லிக் காட்றாங்க. ஹோட்டல் ரூம்லயே பெரும்பாலும் கெட்டில் இருக்கும், அயர்ன் பாக்ஸ் கேட்டா குடுப்பாங்க.

காசு போடணும்னா 65 வாட் கேன் சார்ஜர் ஒண்ணு வாங்குங்க, சைஸ் சின்னதா இருந்தாலும் பவர் அதிகம் குடுக்கற வகை அது, பெட்டில ஜி-ஏ-என்னு இங்கிலீஷ்ல இருக்கும், ரெண்டு மூணு போர்ட் உள்ளதா, ஏறக்குறைய ரெண்டாயிரத்துக்கு கிடைக்கும், அதுல ஆர்னு ஆரம்பிக்கிற பிஐஎஸ் நம்பர், அதாவது இந்தியத் தரச் சான்று நம்பர், இருக்கான்னு பாருங்க. லேப்டாப் டைப்-சில சார்ஜ் ஏறுமான்னு வீட்லயே போட்டுப் பாத்துருங்க, ஏன்னா டைப்-சி போர்ட் இருக்கற எல்லா லேப்டாப்பும் அது வழியா சார்ஜ் ஏத்தாது. ஏறுச்சுன்னா அந்தச் செங்கல் சார்ஜர் வீட்லயே இருக்கட்டும். போனையும் லேப்டாப்பையும் சேத்துப் போட்டா 65 வாட் பிரிஞ்சுதான் போகும், ராத்திரி தூங்கறப்ப அதுவே போதும். ஒன்பிளஸ், ரியல்மி மாதிரி போன்ல அவங்க சொந்த சார்ஜர்ல ஏறுற வேகம் இதுல வராது, அதுக்காக இன்னொரு சார்ஜர் தூக்காதீங்க.

கேள்வி: இருபதாயிரம் எம்ஏஎச் பவர் பேங்க் ஒண்ணு இருக்கு. செக்-இன் பெட்டில போட்டுரலாமா?

பதில்: கூடவே கூடாது, கைப்பைலதான். லித்தியம் பேட்டரி கீழ சரக்கு அறைல பத்திக்கிச்சுன்னா கிட்டப் போய் அணைக்க ஆள் இருக்காது. 100 வாட்-ஹவர் வரைக்கும் அனுமதி கேக்க வேண்டியதில்ல, உங்களோடது இருபதாயிரம் எம்ஏஎச், அதாவது 20 ஆம்பியர்-ஹவர், அதை பேட்டரியோட வோல்டேஜ் 3.7ஆல பெருக்கினா 74 வாட்-ஹவர்தான். மேல எழுதியிருக்கறது அழிஞ்சு போயிருந்தா செக்யூரிட்டில பிடுங்கிப் போட்டுருவாங்க, பழசா இருந்தா யோசிங்க. 2025 ஜனவரில கொரியால ஏர் பூசான் விமானம் தரைல நிக்கிறப்பவே தீப்பிடிச்சது, அதுக்கப்புறம் எல்லாரும் கெடுபிடி ஆயிட்டாங்க. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2025 ஏப்ரல்லேர்ந்து விமானத்துக்குள்ள பவர் பேங்க்ல சார்ஜ் போடவே விடறதில்ல, ஜப்பான் விமானங்கள்ல மேல இருக்கற ரேக்ல வைக்காதீங்க, கண் படற இடத்துல வைங்கன்னு 2025 ஜூலைல சொல்லிட்டாங்க. ரூல் மாறிக்கிட்டே இருக்கு, கிளம்பறதுக்கு முந்தின நாள் ஏர்லைன் சைட்ல ஒரு தடவ பாத்துக்கங்க.

சிங்கப்பூர்ல விமானம் மாறுற நேரத்துல பவர் பேங்க் உதவும், அங்க பிளக் வேற மாதிரி, மூணு தடிச்ச பின், அதுக்குன்னு இன்னொரு அடாப்டர் வாங்காதீங்க.

கேபிள் மூணு போதும், லேப்டாப்போட கேபிள் ஒண்ணு அதுல இருக்கட்டும். கேமரா டைப்-சில ஏறும்னா அதோட சார்ஜரையும் விட்டுருங்க. வாட்ச் சார்ஜர மட்டும் மறந்துராதீங்க, அது கம்பெனிக்கு ஒரு மாதிரி, அங்க போய் தேடி அலைய முடியாது.